துபாஷி நாற்காலி யாருக்கு?

தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் 'பகுதி 1: மொழிப்பாடம்' என்று ஒரு கட்டம் உண்டு. அரசுக் கல்லூரியில் பி.காம் சேருகிற பிள்ளை அந்தக் கட்டத்தைப் பார்த்து யோசிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான இடங்களில் தமிழ் ஒன்றுதான் இருக்கும். சென்னையின் பேர்பெற்ற கல்லூரிகள் பலவற்றில் அதே கட்டத்துக்கு நேராகத் தமிழ், இந்தி, சமஸ்கிருதம், பிரெஞ்சு என்று ஒரு வரிசையே இருக்கும். மொழிப்பாட மணி அடித்ததும் ஒரே பி.காம் வகுப்பு இரண்டாகவும் மூன்றாகவும் பிரியும். யார் எந்த அறைக்குப் போகிறார்கள் என்று வராந்தாவில் நின்று பார்த்தால் போதும். யார் எந்தப் பள்ளியில் படித்தார், அப்பாவுக்கு என்ன வேலை, வீட்டில் இவர் முதல் பட்டதாரியா மூன்றாம் தலைமுறைப் பட்டதாரியா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நான் வட மாவட்டம் ஒன்றில் உள்ள அரசுக் கல்லூரியில் வணிகவியல் சொல்லித் தருகிறேன். என் வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரிகள். சேரியிலிருந்தும் காலனியிலிருந்தும் வருகிறவர்கள் பலர். அவர்களுடைய அண்ணன்களும் அக்காக்களும் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகிறார்கள். கொரிய, ஜப்பானிய, தைவானிய, ஜெர்மன், பிரெஞ்சு நிறுவனங்களின் லைனில் நிற்கிறார்கள். பாதிப் பேருக்கு வேலை ஒப்பந்ததாரர் மூலம்தான். அந்த நிறுவனங்களின் மொழியை அவர்களுடைய தம்பி தங்கைகளுக்கு, வணிகவியலோடு சேர்த்து, அவர்கள் ஊர்ப்பக்கத்து அரசுக் கல்லூரியில் கற்றுத்தர ஏன் ஏற்பாடு இல்லை? இந்தக் கேள்வியை நான் பாடத்திட்டப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. சாதி ஒழிப்பு பேசுகிறவர்கள் கையில் எடுக்க வேண்டிய கேள்வியாகப் பார்க்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

துபாஷியும் பட்லரும்

வணிகமும் அந்நிய மொழியும் சேர்ந்த படிப்பு இன்று நேற்று வந்ததல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1806இல் தன் அதிகாரிகளுக்காக இங்கிலாந்தில் ஒரு கல்லூரி திறந்தது. பின்னாளில் ஹெய்லிபரி கல்லூரி என்று பெயர்பெற்றது அதுதான். அங்கே பாரசீகம், சமஸ்கிருதம், இந்துஸ்தானி போன்ற மொழிகளோடு அரசியல் பொருளாதாரமும் பாடம். மக்கள்தொகைக் கோட்பாட்டால் நாம் அறிந்த மால்தஸ் அங்கே பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார். 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்றுக்கொடுப்பது அதன் வேலை. வரி வசூலிக்கவும் வியாபாரம் பார்க்கவும் ஆளவும் மொழி வேண்டும் என்பதில் வெள்ளைக்காரனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இந்தப் பக்கம் யார் நின்றார்கள்? துபாஷிகள். இரண்டு மொழி தெரிந்தவர் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். புதுச்சேரியில் துய்ப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை, சென்னையில் பச்சையப்ப முதலியார் என்று நமக்குப் பெயர் தெரிந்த துபாஷிகள் உண்டு. மொழிபெயர்ப்பு அவர்கள் வேலையில் ஒரு பகுதிதான். விலை பேசுவது, கடன் ஏற்பாடு செய்வது, யாரைத் துரையிடம் அழைத்துப் போவது, யாரை வாசலோடு திருப்பி அனுப்புவது எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. நெசவாளிக்கும் கம்பெனிக்கும் நடுவே துபாஷி உட்கார்ந்திருந்தார். நெசவாளி சொன்னது என்ன, துரை கேட்டது என்ன என்பது அவருக்கு மட்டுமே தெரியும். நிலமும் பணமும் சாதிச் செல்வாக்கும் உள்ள குடும்பங்களிலிருந்தே அந்த நாற்காலிக்குப் பெரும்பாலும் ஆட்கள் வந்தார்கள்.

அதே காலத்தில் அதே துரைமார் வீடுகளில் பறையர் சமூகத்தவர் பலர் சமையற்காரராக, பட்லராக, குதிரை பார்ப்பவராக இருந்தார்கள். துரையோடு தினமும் ஆங்கிலம் பேசிய தமிழர்கள் அவர்கள். தன் பாட்டனார் கந்தப்பன் ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர் என்றும், அவர் கொடுத்த ஓலைச்சுவடி வழியாகத்தான் திருக்குறள் எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தது என்றும் அயோத்திதாசப் பண்டிதர் எழுதி வைத்திருக்கிறார். அந்த பட்லர்கள் பேசிய ஆங்கிலத்துக்கு வரலாற்றில் கிடைத்த பெயர் 'பட்லர் இங்கிலீஷ்'. இன்றுவரை அது கேலிச்சொல். துபாஷி பேசிய ஆங்கிலமும் இலக்கணசுத்தமாக இருந்திருக்காது. ஆனாலும் 'துபாஷி இங்கிலீஷ்' என்று ஒரு கேலி நம்மிடம் இல்லை. ஒரே மொழியைக் கற்ற இரண்டு பேரில் ஒருவருக்கு அது சொத்தாகவும் பதவியாகவும் மாறியது, இன்னொருவருக்கு ஏளனமாக மாறியது. மொழி தெரிவது மட்டும் போதாது. கணக்கும் ஒப்பந்தமும் சட்டமும் தெரிந்து, உட்கார நாற்காலியும் வேண்டும் என்பதை இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். மொழியையும் வணிகத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்வதன் அடிப்படை இதுதான்.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்

ஜப்பானில் 1885இலேயே டோக்கியோ அந்நிய மொழிப் பள்ளியை வணிகப் பள்ளியோடு இணைத்தார்கள். இன்றைய ஹிதோத்சுபாஷி பல்கலைக்கழகம் அந்த வழியில் வந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த 'தண்டர்பேர்ட்' விமானத்தளம், போர் முடிந்ததும் 1946இல் அயல்நாட்டு வணிகப் பள்ளியாக மாறியது. வணிகம், மொழி, அந்தந்த வட்டாரம் பற்றிய அறிவு என்று மூன்று கால்களில் அதன் பாடத்திட்டம் நின்றது. 1983இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகப் பள்ளி, எம்.பி.ஏ. பட்டத்தோடு மொழிசார்ந்த முதுகலைப் பட்டத்தையும் சேர்த்துத் தருகிற லாடர் நிறுவனத்தைத் தொடங்கியது. ஜப்பானோடு வர்த்தகப் போட்டி முற்றியிருந்த 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் வர்த்தகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பல்கலைக்கழகங்களில் சர்வதேச வணிகக் கல்வி மையங்கள் நடத்தவும், அவற்றில் மொழி கற்பிக்கவும் அந்தச் சட்டமே நிதிக்கு வழி செய்தது. உலகமே ஆங்கிலம் பேசுகிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்க, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அது போதாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள்.

இந்தியாவிலும் இது தெரியாமல் இல்லை. 1963இல் ஒன்றிய அரசு தொடங்கிய இந்திய வெளிநாட்டு வர்த்தகக் கல்வி நிறுவனம் தன் எம்.பி.ஏ. படிப்பில் வெளிநாட்டு மொழியை வைத்திருக்கிறது. ஆனால் அங்கே போக அகில இந்திய நுழைவுத்தேர்வு, அதற்குப் பயிற்சி மையம், லட்சங்களில் கட்டணம். இன்னொரு பக்கம் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஜப்பானியம், கொரியன், சீனம், ஜெர்மன் போன்ற மொழிகளில் இளங்கலைப் பட்டம் தருகிறது. கட்டணம் குறைவு. ஆனால் அங்கே வணிகவியல் கிடையாது. டெல்லிக்கும் போக வேண்டும். ஆக, மொழியும் வணிகமும் ஒரே கூரைக்குக் கீழே கிடைப்பது பணமுள்ள இடத்தில், பணம் குறைவாகக் கேட்கும் இடத்தில் இரண்டில் ஒன்றுதான்.

சென்னையில் பிரெஞ்சைப் பகுதி 1 பாடமாக எடுக்கிற மேல்தட்டு மாணவர்களும் இந்தச் சேர்க்கையைப் பெறுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளியிலும் கல்லூரியிலும் பிரெஞ்சு அவர்களுக்குப் பெரும்பாலும் மதிப்பெண் பாடம். சில பருவங்கள் படித்து முடித்தவர் பிரெஞ்சில் ஒரு விலைப்பட்டியல் கேட்டுக் கடிதம் எழுதுவார் என்று கல்லூரியும் எதிர்பார்ப்பதில்லை, அவரும் எதிர்பார்ப்பதில்லை. அவருக்கு அதனால் நட்டம் ஒன்றுமில்லை. வேண்டுமென்றால் நுங்கம்பாக்கத்தில் தனியாகப் பணம் கட்டிக் கற்றுக்கொள்வார். ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ பி2 நிலைவரை தனியார் வகுப்புக்கும் தேர்வுக்கும் ஆகும் செலவு, அரசுக் கல்லூரியில் மூன்று ஆண்டு பி.காம் படிக்கும் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. என் மாணவர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்?

அம்பேத்கரின் பாடப்பட்டியல்

பாபாசாகேப் அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தோடு மட்டும் சேர்த்து நினைவுகூர்வது வழக்கமாகிவிட்டது. அவருடைய முதன்மையான கல்வி பொருளாதாரம். எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அதனால் பாரசீகம் எடுத்தார். எந்த மொழியை யார் படிக்கலாம் என்று சாதி முடிவு செய்ததை அவர் மாணவப் பருவத்திலேயே நேரில் கண்டவர். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். மூன்று ஆண்டுகளில் அங்கே அவர் எடுத்த பாடங்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது. பொருளாதாரத்தில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. இவற்றோடு தொடக்கநிலை பிரெஞ்சு ஒன்று, தொடக்கநிலை ஜெர்மன் ஒன்று.

அந்தக் கடைசி இரண்டையும் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கம்பெனி ஆட்சியின் நிதி நிர்வாகத்தையும் மாகாண நிதியையும் ஆராய்ந்தவர், பிறகு லண்டனில் ரூபாயின் பிரச்சினையைப் பற்றி ஆய்வேடு எழுதியவர், ஆங்கிலத்தோடு நின்றுவிடவில்லை. 1921இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டு அவர் தன் கைப்பட ஜெர்மன் மொழியில் எழுதிய கடிதம் அந்தப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தீண்டப்படாதவர் என்று பள்ளியில் ஒதுக்கி உட்காரவைக்கப்பட்ட ஒருவர், பணத்தைப் பற்றிய அறிவையும் பிறநாட்டு மொழியையும் ஒன்றாகக் கற்க வேண்டும் என்று நூறாண்டுக்கு முன்பே தனக்குத்தானே பாடத்திட்டம் போட்டுக்கொண்டார். நம் அரசுக் கல்லூரி அதை இன்னும் போடவில்லை.

"இங்கிலீஷே வராத பசங்களுக்கு..."

வட மாவட்ட அரசுக் கல்லூரிகளில் பி.காம் மாணவர்களுக்குக் கொரியனோ ஜப்பானியமோ கற்பிக்கலாம் என்று ஆசிரியர் கூட்டம் ஒன்றில் நான் சொன்னபோது, மூத்த ஆசிரியர் ஒருவர் சிரித்தார். "இங்கிலீஷே வராத பசங்களுக்குக் கொரியனா?" என்றார். அவர் யாரைச் சொல்கிறார் என்று அறையில் இருந்த அனைவருக்கும் புரிந்தது. பலரும் சேர்ந்து சிரித்தார்கள். பட்லர் இங்கிலீஷைக் கேலி செய்த அதே சிரிப்பு.

இந்தக் கேள்வியில் மொழியியல் ரீதியாகவே ஒரு பிழை இருக்கிறது. கொரியன் கற்க ஆங்கிலம் எதற்கு? அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுகிறவர் ஒரு மொழியைக் கற்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஜப்பானியத்துக்கும் கொரியனுக்கும் ஏறத்தாழ 2200 வகுப்பு மணி நேரம். அவர்களுக்கு மிகக் கடினமான மொழிகள் இவை. காரணங்களில் ஒன்று வாக்கிய அமைப்பு. ஆங்கிலத்தில் வினை நடுவில் வரும்; இவற்றில் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும்.

தமிழ் பேசுகிறவருக்கு இதில் என்ன கடினம்? 'நா-நுன் பாப்-உல் மொகோயோ' என்பது கொரிய வாக்கியம். 'நா' நான், 'பாப்' சோறு, 'உல்' என்பது நம் ஐ உருபு, 'மொகோயோ' சாப்பிடுகிறேன். நான் சோற்றைச் சாப்பிடுகிறேன். சொல் சொல்லாக, அதே வரிசையில், அதே இடத்தில் உருபோடு வருகிறது. ஜப்பானியத்திலும் இதே ஒழுங்குதான். இதை வைத்துக்கொண்டு கொரியன் தமிழிலிருந்து பிறந்தது என்று பெருமை பேசுகிற காணொளிகள் நமக்குத் தேவையில்லை. ஒரு வகுப்பறை உண்மை போதும்: இந்த மொழிகளுக்குத் தமிழ் நல்ல வாசல், ஆங்கிலம் சுற்றுவழி. எழுத்தும் சொல்வளமும் தமிழருக்கும் கடினமே. ஜப்பானியத்தின் காஞ்சி எழுத்துகள் யாருக்கும் எளிதல்ல. ஆனால் இலக்கணத்தில் பாதி தூரம் நம் பிள்ளைகள் ஏற்கெனவே நடந்துவிட்டார்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளையைக் கொரியன் வகுப்பில் உட்காரவைத்து, 'சப்ஜெக்ட், ஆப்ஜெக்ட், வெர்ப்' என்று ஆங்கிலத்தில் பாடம் நடத்தி, பிறகு அவருக்கு மொழி வரவில்லை என்று சொல்வது, ஏணியை எடுத்துவிட்டு ஏறத் தெரியவில்லை என்று சொல்வதுதான்.

மரியாதைச் சொற்களின் விஷயமும் உண்டு. கொரிய, ஜப்பானிய வணிக மொழியில் யாருக்கு எந்த வினைவடிவம் என்பது பெரிய பாடம். ஆங்கிலத்தில் வளர்ந்தவர் திணறுகிற இடம் இது. 'வா', 'வாங்க', 'வாய்யா', 'வாடா' என்பவற்றுக்கு இடையில் உள்ள தூரத்தை, ஊர்த்தெருவில் தாத்தாவின் வயதுக்குக்கூட மதிப்புக் கொடுக்காத ஒருமை விளியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு விளக்க வேண்டுமா?

இந்தி படித்தால்தான் வேலை என்று நமக்கு நெடுங்காலமாகப் பாடம் எடுக்கிறார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் கொரியன், ஜப்பானியம், ஜெர்மன், பிரெஞ்சு என்று மேல்நிலை வகுப்புகளுக்குப் பட்டியல் போட்டிருக்கிறது. ஆனால் ஆசிரியர் யார், எந்தப் பள்ளிக்கு, யார் பணம் தருவார் என்பதற்குப் பதில் இல்லாத பட்டியல், பணமுள்ள பள்ளிகளுக்கான பட்டியலாகத்தான் முடியும். என் ஊரிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற ஆலைகளின் தலைமையகங்கள் சியோலிலும் சுவோனிலும் யோகோஹாமாவிலும் இருக்கின்றன. இருமொழிக் கொள்கையை விட்டுக்கொடுக்காமலே, கல்லூரியில் விருப்பமுள்ளவருக்கு இன்னொரு வாசலைத் திறக்கலாம்.

முதலாளிக்கு ஆள் பிடிக்கவா?

இடதுசாரித் தோழர்கள் கேட்கிற கேள்வி இது, நியாயமான கேள்வி. பன்னாட்டு நிறுவனத்துக்கு மலிவாக மொழிபெயர்ப்பாளரைத் தயாரித்துக் கொடுப்பதா அரசுக் கல்லூரியின் வேலை? அது மட்டும்தான் என்றால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். 37 நாள் நீடித்தது. ஊதியக் கோரிக்கையோடு, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதும் முதன்மையான கோரிக்கை. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கலாமா என்பதில்கூட நிறுவனம் தகராறு செய்தது. 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. அதே 2024ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் கொரியாவிலேயே சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் தொழிலாளர்கள் அந்த நிறுவனத்தின் வரலாற்றில் முதல் முறையாக வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். ஒரே முதலாளி, சில மாத இடைவெளியில் இரண்டு போராட்டம். அங்கே என்ன கேட்டார்கள், நிறுவனம் என்ன பதில் சொன்னது, எதில் விட்டுக்கொடுத்தது என்பதெல்லாம் கொரிய மொழியில் எழுதப்பட்டன. நம் தொழிலாளிக்கு அவை ஆங்கிலச் செய்தி வழியாக, யாரோ தேர்ந்தெடுத்த அளவுக்கு மட்டும் வந்து சேர்ந்தன. கொரியனும் நிறுவனக் கணக்கும் தெரிந்த ஒருவர் சங்கத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தால் அவர் கையில் எவ்வளவு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். துபாஷி இப்போதும் வேண்டும். அவர் யார் பக்கத்திலிருந்து வருகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2023 ஜனவரி முதல் விநியோகச் சங்கிலிச் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. பெரிய ஜெர்மன் நிறுவனங்கள், தங்களுக்குச் சரக்கு கொடுக்கிற வெளிநாட்டு ஆலைகளில் மனித உரிமை மீறல் இருக்கிறதா என்று பார்க்கக் கடமைப்பட்டவை. வேலையில் பாகுபாடு காட்டத் தடையுள்ள காரணங்களில் 'சமூகப் பின்புலம்' என்பதும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சாதியை அதற்குள் வைத்து வாதாட இடம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. இந்தச் சட்டத்தைத் தளர்த்தும் வேலையும் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. அந்த விவாதம் ஜெர்மன் மொழியில் நடக்கிறது. திருப்பூர், திண்டுக்கல் தொழிலாளியின் குரல் அதில் கேட்பது அரிது.

அந்தக் குரல் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் திண்டுக்கல்லிலேயே சான்று இருக்கிறது. 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆடை ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்தக் கொலையோடு பிரச்சினையை முடித்துக்கொள்ளவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து, அந்த ஆலையிடம் துணி வாங்கிய நிறுவனங்கள்வரை போனது. 2022இல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. ஹெச் அண்ட் எம், கேப், பி.வி.ஹெச். ஆகிய நிறுவனங்கள் கையெழுத்திட்டன. பாலின வன்முறைக்கும் சாதிப் பாகுபாட்டுக்கும் எதிரான கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. வாங்குகிறவர் யார், விற்கிறவர் யார், எந்த இடத்தில் அழுத்தினால் வலிக்கும் என்று தெரிந்திருந்ததால் கிடைத்த வெற்றி. அது வணிக அறிவு. எம்.பி.ஏ. வகுப்பில் இதையே வேறு பெயரில் பல லட்சம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள்.

ஜப்பானிய மொழியில் நமக்கு இன்னொரு பாடம் காத்திருக்கிறது. அங்கே புராக்கு மக்கள் பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள். தோல், இறைச்சி, பிணம் தொடர்பான தொழில்கள் அவர்கள் தலையில் கட்டப்பட்டிருந்தன. 1922இல் அவர்கள் சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ அமைப்பைத் தொடங்கினார்கள். 1975இல் ஒரு மோசடி வெளியே வந்தது. புராக்கு குடியிருப்புகள் எந்தெந்த ஊரில் எங்கே இருக்கின்றன என்று பட்டியலிட்ட புத்தகங்களைத் தனியார் துப்பறியும் முகமைகள் ரகசியமாக விற்றிருந்தன. பெருநிறுவனங்கள் உட்பட 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வாங்கியிருந்தன. வேலைக்கு விண்ணப்பித்தவரின் முகவரியைப் பட்டியலோடு ஒப்பிட்டு ஒதுக்குவதற்காக! நேர்காணலில் 'எந்தத் தெரு?' என்று கேட்கப்பட்ட அனுபவம் உள்ள நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புராக்கு இயக்கத்தின் போராட்டத்துக்குப் பிறகு அரசும் நிறுவனங்களும் ஆளெடுக்கும் முறையைத் திருத்த வேண்டியதாயிற்று. அந்த இயக்கம் முன்னின்று 1988இல் தொடங்கிய பாகுபாட்டு எதிர்ப்பு அமைப்பு தலித் அமைப்புகளோடும் சேர்ந்து வேலை செய்கிறது. வணிக ஜப்பானியம் கற்கிற என் மாணவர் விருந்தினரை எப்படி வரவேற்பது என்பதோடு இதையும் ஜப்பானிய மொழியிலேயே படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரகடத்து ஜப்பானிய மேலாளரிடம் "உங்கள் நாட்டில் இப்படி ஆளெடுப்பது தவறென்று ஒப்புக்கொண்டீர்களே, இங்கே ஒப்பந்ததாரர் செய்வதைக் கேட்க மாட்டீர்களா?" என்று அவருடைய மொழியில் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கும்போது மொழி எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். ரயில் நிலையத்தில் வழி கேட்க அது போதும். சம்பளப் பேச்சுவார்த்தையில் கைபேசி யார் கையில் இருக்கிறது, அது சொன்னது சரியா என்று யார் சொல்வது?

என்ன கேட்க வேண்டும்

கணக்கோடு பேசுவோம். வாரம் 5 மணி நேரம், பருவத்துக்கு 15 வாரம், ஆறு பருவம் என்றால் 450 மணி நேரம். இதில் யாரும் முழு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட முடியாது. அன்றாடப் பேச்சு, எளிய வணிகக் கடிதம், விலைப்பட்டியல், அறிவிப்புப் பலகை ஆகியவை கைவரும். அதன்மேல் கட்ட அடித்தளம் கிடைக்கும். மேலே படிக்க விரும்புகிறவருக்கு இன்னொரு ஆண்டுப் பட்டயம் வைக்கலாம். இந்த அளவுக்கே கீழ்க்கண்டவை வேண்டும்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, கோவை, திருப்பூர் ஆகிய மாவட்டங்களின் அரசுக் கல்லூரிகளில், அந்தந்த வட்டாரத் தொழிலுக்கு ஏற்பக் கொரியன், ஜப்பானியம், ஜெர்மன் ஆகியவற்றில் ஒன்றையாவது பி.காம் பாடத்தின் உள்ளே கொண்டுவர வேண்டும். தமிழுக்குப் பதிலாக அல்ல, தமிழோடு கூட. தமிழை எடுத்துவிட்டு வைத்தால் பழைய பிரெஞ்சு வகுப்பின் பிரிவினையே திரும்பி வரும்.

பாடநூலைத் தமிழிலிருந்து எழுத வேண்டும். தமிழ் வாக்கியத்திலிருந்து கொரிய வாக்கியத்துக்குப் போகிற பாடநூலை நம் பல்கலைக்கழகங்கள் எழுதட்டும்.

பன்னாட்டுத் தகுதித் தேர்வுகளுக்கான கட்டணத்தைப் பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, முதல் தலைமுறை மாணவர்களுக்கு அரசு கட்ட வேண்டும். சான்றிதழ் இல்லாத மொழி அறிவைச் சந்தை மதிப்பதில்லை. கட்டணம் கட்ட முடியாதவர் மறுபடியும் பட்லராகவே நிறுத்தப்படுவார்.

மொழி ஆசிரியர் பணியிடங்களை நிரந்தரமாக, இட ஒதுக்கீட்டோடு நிரப்ப வேண்டும். மணிக்கணக்குக் கூலிக்குக் கௌரவ விரிவுரையாளரை வைத்துச் சமாளித்தால் இரண்டாம் ஆண்டிலேயே வகுப்பு காலியாகிவிடும்.

பாடத்திட்டத்தில் ஏற்றுமதி ஆவணம் இருக்கும் அளவுக்குத் தொழிலாளர் சட்டமும் இருக்க வேண்டும். கொரியச் சம்பளச் சீட்டை வாசிக்கவும், ஜெர்மன் சட்டத்தின் புகார்ப் படிவத்தை நிரப்பவும், ஆண்டறிக்கையில் ஆலைத் தொழிலாளர் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கவும் பயிற்சி வேண்டும்.

இவற்றில் எதுவும் பெரும் செலவு பிடிக்கும் திட்டம் அல்ல. இந்த ஆலைகளுக்கு நிலம், மின்சாரம், வரிச்சலுகை என்று அரசு கொடுத்திருப்பதற்கு முன்னால் ஒரு மாவட்டத்துக்குச் சில ஆசிரியர் பணியிடங்கள் ஒன்றுமே இல்லை. நிலம் கொடுத்த ஊர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஆலையின் மொழியைக் கொடுங்கள் என்று கேட்பது உதவி கேட்பதாகாது.

மாணவர் அமைப்புகளில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு எப்போது கூடுகிறது, அதில் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். உங்கள் கல்லூரியைச் சுற்றி முப்பது கிலோமீட்டரில் எந்தெந்த நாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன, அங்கே உங்கள் தெருவிலிருந்து எத்தனை பேர் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். லைனில் எத்தனை பேர், அலுவலகத்தில் எத்தனை பேர், மேலாளருக்கும் தொழிலாளிக்கும் நடுவே பேசுகிறவர் எந்த ஊர், எந்தப் படிப்பு என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு போய் மொழி வகுப்பைக் கேளுங்கள். இங்கிலீஷே வராதவர்களுக்கா என்று யாராவது சிரித்தால், கொரிய வாக்கியத்தைத் தமிழ் வரிசையில் எழுதிக் காட்டுங்கள்.